மிதந்த செல்களை எண்ணியது யார்

செத்த செல் மிதக்கும். இதைப் புரிந்துகொள்ளப் பெரிய படிப்பு எதுவும் வேண்டாம். உடம்பிலிருந்து எடுத்து லேபில் வளர்க்கிற செல்களில் பெரும்பாலானவை தட்டின் அடியில் ஒட்டிக்கொண்டுதான் உயிர் வாழும். சாகப்போகிற செல் பிடியை விடும். முதலில் உருண்டையாகும், பிறகு கழன்று, இத்தனை நாள் குடித்து வாழ்ந்த இளஞ்சிவப்புத் திரவத்திலேயே மிதக்கும். அந்தத் திரவத்துக்கு மீடியம் என்று பெயர். மீடியத்தைக் கொட்டிவிட்டால் செத்தவையும் சேர்ந்து போய்விடும். அதற்கப்புறம் தட்டில் மிச்சம் இருப்பதை எண்ணிப் பாருங்கள். எல்லாம் உயிரோடுதான் இருக்கும். பிணங்களை எல்லாம் வாசலுக்கு அந்தப் பக்கம் தூக்கிப் போட்டுவிட்டு, எங்கள் வீட்டில் சாவே கிடையாது என்று சொல்வது மாதிரி.

எங்கள் லேபில் நடந்தது இவ்வளவுதான். இதில் என் ஐந்து வருஷம் போயிற்று, ஒரு சிநேகிதியும் போனாள். எதற்கு அதிகம் அழுதாய் என்று கேட்டால் யோசிக்காமல் சொல்வேன், அவளுக்குத்தான். அதை எழுதுவதற்கே எனக்கு ஆத்திரமாக வருகிறது.

திருச்சியில் ஒரு கல்லூரி, பெயர் வேண்டாம். எங்கள் கைடை நாங்கள் ‘சார்’ என்று மட்டும்தான் சொல்வோம். அவர் குறைகடத்தி நானோ துகள்கள் செய்கிறவர். குறைகடத்தி என்றால் கம்ப்யூட்டர் சிப்பிலும் சோலார் தகட்டிலும் இருக்கிற அதே ஜாதிப் பொருள்தான். அதை ஒரு செல்லின் அகலத்துக்குள் ஆயிரக்கணக்கில் வரிசையாக நிறுத்தக்கூடிய அளவுக்குச் சின்னதாகச் செய்தால் அது வேறு குணம் காட்டும். புற ஊதா விளக்கை அடித்தால் ஒளிரும். சின்னத் துகள் பச்சை, கொஞ்சம் பெரிது ஆரஞ்சு, இன்னும் பெரிது சிவப்பு. முதல் நாள் சார் எனக்கு அந்தச் சின்னக் குப்பிகளை விளக்கடியில் வைத்துக் காட்டியபோது தீபாவளி மத்தாப்புப் பார்க்கிற குழந்தை மாதிரி வாயைப் பிளந்துகொண்டு நின்றேன். அந்த நிமிஷத்திலேயே நான் மாட்டிக்கொண்டுவிட்டேன் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

சாருக்கு ஒரு கனவு இருந்தது, கெட்ட கனவு ஒன்றும் அல்ல. துகளின் மேல் ஃபோலிக் ஆசிட் பூசி அனுப்புவது. கர்ப்பிணிகளுக்கு மாத்திரையாகக் கொடுக்கிறார்களே, அதேதான். புற்றுநோய் செல்லுக்கு அதன்மேல் கொள்ளை ஆசை. பூச்சைப் பார்த்து ஏமாந்து துகளை உள்ளே இழுத்துக்கொள்ளும். பிறகு ஆபரேஷன் டேபிளில் விளக்கை அடித்தால் கட்டி மட்டும் ஒளிரும், எதுவரை வெட்ட வேண்டும் என்று டாக்டருக்குத் தெரியும். தில்லை நகரில் ஆஸ்பத்திரிகளைத் தாண்டி வண்டியில் போகும்போதெல்லாம், “ஒரு நாள் இங்க எல்லாம் நம்ம சரக்கு இருக்கும்மா” என்பார். எனக்கும் ஆசையாகத்தான் இருந்தது.

சிக்கல் ஒன்று உண்டு. அந்தத் துகளின் நடுவில் இருப்பது கேட்மியம், சுத்தமான விஷம். அதற்கு மேலே ஓர் ஓடு போட்டுத்தான் செய்வோம். நல்ல செல்லும் இந்தத் துகளைக் கொஞ்சம் உள்ளே விடத்தான் செய்யும். செல்லுக்கு வாய் கிடையாது. தன் தோலையே உள்பக்கம் குழித்து, பை மாதிரி சுருக்கி, வந்ததை விழுங்கும். விழுங்கியது நேராகப் போவது ஓர் அமிலப் பைக்குள். நம் வயிறு மாதிரி அங்கே எல்லாம் கரையும். அந்த அமிலத்தில் எங்கள் ஓடு தாங்குமா, தாங்காமல் விஷம் கசிந்து நல்ல செல்லைக் கொல்லுமா? இந்த ஒரே கேள்விதான் என் பிஎச்டி. இதற்கு ‘கொல்லாது’ என்று பதில் வந்தால் சாரின் கனவு அடுத்த படிக்குப் போகும். அங்கே எலிகள், அதற்கப்புறம் என்றைக்காவது மனிதர்கள்.

இனி அவளைப் பற்றி. எனக்கு ஒரு வருஷம் கழித்துச் சேர்ந்தவள். லால்குடிப் பக்கம் விவசாயக் குடும்பம், காட்டூரில் அக்கா வீட்டில் தங்கிப் படித்தாள். நான் ஸ்ரீரங்கத்திலிருந்து டவுன் பஸ்ஸில் வருவேன், அவள் காட்டூரிலிருந்து வருவாள், சத்திரம் பஸ் ஸ்டாண்டில் இரண்டு பேரும் சேர்ந்து அடுத்த பஸ் பிடிப்போம். எனக்குக் கல்யாணமாகி இருந்ததாலும் அய்யங்கார் ஆத்துப் பெண் என்பதாலும் முதல் வாரத்திலேயே என்னை ‘மாமி’ என்று கூப்பிட ஆரம்பித்துவிட்டாள். என்னைவிட ரெண்டு வயசுதான் சின்னவள்.

செல் வளர்க்கிற அறையில் ஒரு கிருமி நுழையக் கூடாது. கையைக் கழுவி, ஸ்பிரிட் துடைத்து, கிளவுஸ் போட்டு, கண்ணாடி மறைப்பு வைத்த ஹுட்டுக்குள் கையை மட்டும் விட்டு வேலை செய்ய வேண்டும். கை வெளியே வந்தால் மறுபடியும் ஸ்பிரிட். நான் அதில் கொஞ்சம் அதிகம்தான். யாராவது என் பக்கமாகத் தும்மினால் எரித்துவிடுவது போலப் பார்ப்பேன்.

“உங்க வீட்டு மடியெல்லாம் தூக்கிட்டு இங்க வந்துட்டியா மாமி? இந்தக் கிட்னி செல்லு என்ன, உங்க பெருமாளுக்குத் தளிகையா?” என்பாள்.

“ஆமாண்டி. நீ குளிச்சுட்டு வந்தியா, அதைச் சொல்லு முதல்ல” என்பேன்.

என் டிபன் டப்பாவில் இருக்கிற புளியோதரையை அவள் காலி செய்வாள், அவள் அக்கா வைத்த கத்திரிக்காய்க் கூட்டை நான் காலி செய்வேன். எனக்குக் கோபம் மூக்கு நுனியில். காலையில் அவளோடு சண்டை போட்டால் மத்தியானத்துக்குள் அவளே வந்து பேசிவிடுவாள். இப்படி ஒருத்தி கிடைக்கக் கொடுத்து வைத்திருக்க வேண்டும் என்று ஆத்துக்காரரிடம் எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறேன்.

நாலாவது வருஷம் முக்கியமான சோதனையை ஆரம்பித்தோம். நல்ல கிட்னி செல்கள். ஒரு தட்டில் துகள் கலந்த மீடியம், இன்னொன்றில் துகளே இல்லாத வெறும் மீடியம். ஒரு நாள் கழித்துப் பார்த்தால் இரண்டும் ஒரே மாதிரி. சார் என் முதுகில் தட்டிக்கொடுத்தார். மூன்றாம் நாள் மைக்ரோஸ்கோப்பில் கண்ணை வைத்தேன். துகள் போட்ட தட்டில் பாதி இடம் வெறிச்சென்று இருந்தது. மீடியத்தைத் தட்டி அசைத்தால் உருண்டை உருண்டையாக ஆடின. அதை வீணாக்காமல் குழாயில் ஊற்றி, சுழற்றி, அடியில் தங்கியதையும் ஒட்டியிருந்ததோடு சேர்த்து எண்ணினேன். நீலச் சாயம் ஒன்று கலப்போம். செத்த செல் மட்டும் நீலமாகும். எண்ணுவதற்குக் கட்டம் போட்ட கண்ணாடித் தகட்டில் வைத்துப் பார்த்தால் நீலமாகவே வந்துகொண்டிருந்தது.

அன்றைக்குத்தான் ‘மீடியத்தைக் கொட்டாதே, மிதப்பதையும் எண்ணு’ என்று ஒரு சீட்டு எழுதி ஹுட் கண்ணாடியில் ஒட்டினேன்.

சார் முகம் சுருங்கியது. “ஒரு தடவைல எதுவும் சொல்ல முடியாதும்மா. திரும்பப் பண்ணு” என்றார். நியாயம்தான். திரும்பச் செய்தேன். அதேதான். “மூணாவதும் பண்ணிடு. அப்புறம் பேசலாம்” என்றார். மூன்றாவதற்குத் தேதி போட்டபோது வைகுண்ட ஏகாதசி வந்துவிட்டது.

அந்தச் சமயத்தில் ஸ்ரீரங்கத்தில் வீடு இருக்கிறவர்களைக் கேட்டுப் பாருங்கள். அது வீடாகவா இருக்கும்? சத்திரமாகிவிடும். அந்த வருஷம் எங்கள் ஆத்தில் பதினோரு பேர். நான் இருந்தாக வேண்டும், செல்லையும் விட முடியாது. செல்லுக்கு ஏகாதசியும் துவாதசியும் தெரியுமா? என்ன செய்வது என்று பஸ்ஸில் புலம்பிக்கொண்டு வந்தேன். அவள்தான் சொன்னாள்.

“நீ போ மாமி. நாலு நாளும் வீட்டுலயே இரு. நல்லா சாமி கும்பிட்டு, வர்றவங்களுக்குப் பொங்கிப் போடு. இங்க நான் பாத்துக்குறேன்.”

“மூணாம் நாள் மிதக்கறதை மறந்துடாதேடி.”

“அதான் கண்ணாடியில ஒட்டி வச்சிருக்கியே. எனக்குக் கண்ணு தெரியாதா?”

எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. சொந்தத் தங்கை இதைச் செய்வாளா என்று நினைத்தேன். நாலு நாளும் அடுப்படியில் நின்றுகொண்டே அவளை நினைத்துக்கொண்டேன். திரும்பிப் போகும்போது அவளுக்கென்று ஒரு டப்பா நிறைய அக்காரவடிசில் எடுத்துப் போனேன்.

எங்கள் லேபில் ஒரு பழக்கம் இருந்தது. சோதனை யாருடையதோ அவர்தான் ரெக்கார்டு நோட்டில் பக்கத்தின் கீழே கையெழுத்துப் போட வேண்டும். நடுவில் வேறு யார் கை வேலை செய்திருந்தாலும் சரி. ஒருவர் ஊருக்குப் போனால் இன்னொருவர் செல்லுக்கு மீடியம் மாற்றுவார், எண்ணுவார், பென்சிலில் எழுதி வைப்பார். வந்ததும் சொந்தக்காரர் பேனாவால் எடுத்தெழுதி, தேதி போட்டு, கையெழுத்து வைப்பார். உதவி செய்தவர் பெயரை எழுதுகிற வழக்கமே இல்லை. எழுதினால்தான் ஒரு மாதிரி பார்ப்பார்கள், என்னமோ கணக்குப் பார்க்கிற மாதிரி.

பென்சிலில் அவள் எழுதி வைத்திருந்ததைப் பார்த்தேன். துகள் போட்ட தட்டிலும் நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேல் உயிரோடு.

“எப்படிடி?” என்றேன்.

“பழைய பாட்டில்ல துகள் கெட்டுப் போயிருக்கும் மாமி. ரொம்ப நாளு வெளிச்சத்துல இருந்துச்சு, ஓடு அரிச்சிருக்கும். நான் புது பாட்டில் எடுத்தேன். செல்லு எல்லாம் ஜம்முன்னு உக்காந்திருந்துச்சு.”

அது நடக்கக்கூடியதுதான். வெளிச்சம் பட்டால் ஓடு அரிக்கும், நானே வகுப்பில் சொல்லிக் கொடுத்திருக்கிறேன். அதனால் நம்பினேன். அதனால் மட்டுமா? எனக்கு அது பிடித்திருந்தது, அதனால்தான் நம்பினேன். இரண்டு மாதமாகச் சாரின் சுருங்கிய முகத்தைப் பார்த்து அலுத்திருந்தேன். சந்தோஷமாகப் பேனாவால் எடுத்தெழுதி, அந்த நாலு நாள்களின் தேதியைப் போட்டு, கையெழுத்து வைத்தேன். பக்கத்தில் அவள் அக்காரவடிசிலை விரலால் வழித்துத் தின்றுகொண்டிருந்தாள். அதையே இன்னும் இரண்டு தடவை செய்தோம். ஆய்வேட்டை எழுதுகிற வேலை என் தலையில் இருந்ததால் இரண்டையும் அவளே செய்தாள். நான் எடுத்தெழுதினேன், கையெழுத்து வைத்தேன்.

ஓர் ஆராய்ச்சிப் பத்திரிகையில் எங்கள் பேப்பர் வெளிவந்தது. முதல் பெயர் என்னுடையது, இரண்டாவது அவள், கடைசியில் சார். எங்கள் பல்கலைக்கழகத்தில் பேப்பர் வராமல் ஆய்வேட்டைக் கொடுக்க முடியாது, ஆக இரண்டு பேருக்கும் வழி திறந்துவிட்டது. சார் டிபார்ட்மெண்ட் முழுக்க மைசூர்பாகு கொடுத்தார். ஆத்துக்காரர் உத்திர வீதியில் எதிரே வந்தவர்களுக்கெல்லாம் சொல்லி என் மானத்தை வாங்கினார். எலிகளுக்குக் கொடுத்துப் பார்க்க அனுமதி கேட்டு சார் விண்ணப்பம் போட்டார். அதற்கு ஆதாரம் எங்கள் பேப்பர்தான்.

மூன்று மாதம் போயிருக்கும். நல்ல வெயில். கண்ணாடித் தகடு எடுக்க செல் அறைக்குப் போனேன். அவள் ஹுட்டுக்கு முன்னால் உட்கார்ந்திருந்தாள். வந்தது நான்தான் என்று தெரியாது, வாசலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டிருந்தாள். செல் வளர்க்கிற பிளாஸ்க் ஒன்றை எடுத்தாள், சாய்த்தாள், மீடியத்தை அப்படியே பிளீச் ஊற்றி வைத்திருந்த பீக்கரில் கொட்டினாள். பிளீச்சில் பட்டதும் இளஞ்சிவப்பு வெளுத்துத் தண்ணீர் மாதிரி ஆயிற்று. அடுத்த பிளாஸ்க். கொட்டினாள். அடுத்தது. வருஷக்கணக்காகச் செய்து பழகின கை எப்படி இருக்கும், அப்படி இருந்தது அந்தக் கை.

“அதை எடுத்து வைக்கலையா?” என்றேன்.

தோள் ஒரு தடவை குலுங்கியது. திரும்பவில்லை.

“எதை?”

“மிதக்கறதை.”

“இது வேற எக்ஸ்பெரிமெண்ட் மாமி.”

பிளாஸ்கின் மேல் எங்கள் துகளின் பெயரும் ‘மூன்றாம் நாள்’ என்பதும் அவள் கையெழுத்திலேயே இருந்தன. என் சீட்டு அவள் முகத்துக்கு நேரே கண்ணாடியில் ஒட்டியிருந்தது. நேராகப் போய் ரெக்கார்டு நோட்டை எடுத்தேன்.

உயிருள்ளது, செத்தது, மொத்தம் என்று மூன்று பத்திகள். மூன்றையும் எடுத்தெழுதியவள் நான்தான், ஆனால் அன்றைக்கு முதல் இரண்டைத்தான் கவனித்தேன். இப்போது மூன்றாவதைப் பார்த்தேன். துகள் போடாத தட்டில் இருந்த மொத்தத்தில், துகள் போட்ட தட்டில் பாதிகூட இல்லை. மிச்சம் எங்கே போயிற்று? முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்திருந்தார்கள், அந்தச் சோற்றை என் கையாலேயே பரிமாறியிருந்தேன். மூன்று பக்கங்கள். மூன்றிலும் அழகாக, சாய்த்து, கீழே ஒரு கோடு இழுத்து, என் கையெழுத்து.

சாயந்திரம் சத்திரம் பஸ் ஸ்டாண்டில் டீக்கடை ஓரமாக அவளை நிறுத்திக் கேட்டேன். பஸ் சத்தத்தில் கத்தித்தான் கேட்க வேண்டியிருந்தது.

“சார்தான் சொன்னாரு” என்றாள். “மிதக்குறத எல்லாம் யாரும் எண்ணுறது இல்லையாம், மீடியம் மாத்திட்டு எண்ணச் சொன்னாரு. உன்கிட்டச் சொன்னா நீ கேக்க மாட்டே.”

“அதனால?”

அவள் பஸ் வருகிற பக்கம் பார்த்தாள்.

“அதனால என்னை ஆத்துக்குப் போகச் சொன்னியா? நாலு நாள் பெருமாளைச் சேவின்னு சொன்னது அதுக்குத்தானா?”

“உனக்காகவும்தான் செஞ்சேன் மாமி. அஞ்சு வருஷம் ஆச்சு, இன்னும் பேப்பர் இல்லாம திண்டாடிட்டு இருந்தே. உன் பேருதானே முதல்ல வந்துச்சு?”

கூட இருந்தே குழி பறிப்பது என்பார்கள். குழி பறிக்கிறவள் பக்கத்தில் உட்கார்ந்து என் அக்காரவடிசிலைத் தின்றாள் என்பதுதான் எனக்கு ஆறவில்லை. என்னை ஏமாற்றியிருந்தால்கூடப் பரவாயில்லை. என் மேல் வைத்த அன்பையே கருவியாக எடுத்து ஏமாற்றியிருந்தாள். அந்த நாலு நாளும் நான் அவளை நினைத்து நெகிழ்ந்துகொண்டிருந்த நேரத்தில், அவள் நின்று பிளீச்சில் கொட்டிக்கொண்டிருந்தாள். டீயைக் குடிக்காமல் அங்கேயே வைத்துவிட்டு பஸ் ஏறினேன்.

மறுநாள் சார் என்னை உட்காரச் சொன்னார். குரலை உயர்த்தவே இல்லை.

“ஏம்மா, பேப்பர்ல எங்கயாவது பொய் எழுதியிருக்கோமா? ‘ஒட்டியிருந்த செல்கள் எண்ணப்பட்டன’ அப்படின்னு இருக்கு, பாரு. அச்சுக்குப் போறதுக்கு முன்னாடி நீதான் படிச்சு ஓகே சொன்னே.”

இருந்தது. செய்முறைப் பகுதியில், பொடி எழுத்தில், ஒரே ஒரு சொல். ஆமாம், நான்தான் படித்து ஓகே சொன்னேன்.

“மொத்தம் பாதிதானே சார் இருக்கு?”

“வளர்ச்சி கொஞ்சம் மெதுவா ஆயிருக்கும். அதுக்காகச் செத்துப் போச்சுன்னு அர்த்தமா?”

சரி, அதையும் பார்த்துவிடலாம் என்று சோதனையை நானே செய்தேன். புது பாட்டில் துகள், வெளிச்சமே படாதது. மூன்று நாளும் அந்த அறையை விட்டு அதிகம் நகரவில்லை. மூன்றாம் நாள் மீடியத்தைச் சொட்டு விடாமல் எடுத்துச் சுழற்றினேன். குழாயின் அடியில் கடுகளவுக்கு ஒரு வண்டல் தங்கியது. புற ஊதா விளக்கின் கீழே பிடித்தேன். அந்த வண்டல் ஆரஞ்சு நிறத்தில் ஒளிர்ந்தது. துகளை உள்ளே விட்ட செல்கள்தான் செத்திருந்தன. செத்த பிறகும் துகள் அவற்றுக்குள் ஒளிர்ந்துகொண்டிருந்தது. பாவம், சத்து என்று நம்பித்தானே உள்ளே விட்டன. எனக்கு அப்போது வந்த கோபம் சார் மேலா அவள் மேலா என் மேலா என்று பிரித்துச் சொல்லத் தெரியவில்லை.

குழாயை அவளிடம் காட்டினேன். வாங்கிப் பார்த்தாள். பிறகு மெதுவாகச் சொன்னாள்.

“பேப்பரை வாபஸ் வாங்கினா உனக்கு ஒண்ணும் ஆயிடாது மாமி. உன் வீட்டுக்காரர் இருக்காரு, வீடு இருக்கு. எனக்கு இந்தப் பட்டம் மட்டும்தான். எங்கப்பா ஊருல எல்லார்கிட்டயும் சொல்லி வச்சிருக்காரு. அத நினைச்சுப் பாரு.”

நினைத்துப் பார்க்காமல் இல்லை. ஒரு வாரம் அதையேதான் நினைத்தேன். ஆத்துக்காரர், “நன்னா யோசிச்சுக்கோ. உனக்கும்தான் பட்டம் போகும்” என்றார். போகும்தான். ஆனால் எலிக்குப் பிறகு யார் என்று எனக்குத் தெரியுமே. தில்லை நகரில் ஏதோ ஓர் ஆஸ்பத்திரியில், பச்சைத் துணி போர்த்திப் படுத்திருக்கிற யாரோ ஒரு பெண்ணின் நல்ல கிட்னிக்குள் இந்தத் துகள் போகும். அது அவளைக் கொல்லாது என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்தவள் நானாக இருப்பேன். பேப்பரை வெளியிட்ட பத்திரிகைக்குக் கடிதம் எழுதினேன். புதிய எண்ணிக்கையை இணைத்தேன், மிதந்த செல்கள் எண்ணப்படாமல் கொட்டப்பட்டன என்று எழுதினேன். கொட்டியது யார் என்று எழுதவில்லை. அவளைக் காப்பாற்றுவதாக நினைப்பு எனக்கு.

பத்திரிகை மூன்று பேரிடமும் விளக்கம் கேட்டது. சாரும் அவளும் சேர்ந்து அனுப்பிய பதிலை எனக்கும் அனுப்பி, நான் என்ன சொல்கிறேன் என்று கேட்டார்கள். அந்தத் தேதிகளில் எண்ணும் வேலையைச் செய்தது கட்டுரையின் முதல் ஆசிரியர்தான், அதாவது நான்தான், ரெக்கார்டு நோட்டின் பக்கங்கள் இணைக்கப்பட்டுள்ளன, நடந்த தவறு தங்கள் கவனத்துக்கு வரவில்லை என்று இருந்தது. கீழே இரண்டு கையெழுத்துகள். அவளுடைய கையெழுத்து எனக்கு நன்றாகத் தெரியும், பிளாஸ்க் பிளாஸ்காகப் பார்த்திருக்கிறேன்.

ஃபோன் செய்தேன். எடுத்தாள்.

“அந்த நாலு நாள் நான் எங்கே இருந்தேன்னு உனக்குத் தெரியாதாடி?”

“தெரியும்.”

“அப்புறம் எப்படி எழுதினே?”

மனப்பாடம் செய்து வைத்த மாதிரி சொன்னாள். “பக்கம் உன்னுது. தேதி நீ போட்டது. கையெழுத்தும் உன்னுது. நான் நடுவுல ஹெல்ப் பண்ணவ, அவ்வளவுதான்.”

வைத்துவிட்டாள். அப்புறம் இன்றுவரை நாங்கள் பேசவில்லை.

ஆத்துக்காரர், “பதினோரு பேர் வந்திருந்தாளே, எல்லாரும் எழுதித் தருவா, நீ இங்கேதான் இருந்தேன்னு” என்று குதித்தார். அவருக்கு நான் என்னவென்று விளக்குவேன்? நான் ஸ்ரீரங்கத்தில் இருந்தேன் என்று நிரூபித்தால், செய்யாத வேலைக்குக் கையெழுத்துப் போட்டவள் ஆவேன். லேபில் இருந்தேன் என்றால் செத்ததைக் கொட்டியவள் ஆவேன். எந்தப் பக்கம் போனாலும் முட்டுச் சந்துதான், அவள் அதை யோசித்துத்தான் எழுதியிருக்கிறாள். நான் இருந்ததை இருந்தபடி எழுதி அனுப்பினேன். அன்று நான் அங்கே இல்லை, எண்ணியது நான் அல்ல, கையெழுத்து மட்டும் என்னுடையது என்று.

பேப்பர் வாபஸ் ஆயிற்று. எலிகளுக்கான விண்ணப்பமும் அதோடு நின்றது. நான் ஆய்வேட்டைக் கொடுக்கவில்லை, இப்போது ஒரு பள்ளிக்கூடத்தில் உயிரியல் சொல்லிக் கொடுக்கிறேன். அவளுக்கு அதற்குள் வேறு ஒரு பேப்பர் வந்துவிட்டது, பட்டம் வாங்கிவிட்டாள், ஒரு கல்லூரியில் இருப்பதாகக் கேள்வி.

வாபஸ் அறிவிப்பு இன்னும் இணையத்தில் இருக்கிறது. யார் வேண்டுமானாலும் படிக்கலாம். தான் செய்யாத எண்ணிக்கைக்குக் கையெழுத்திட்டதை முதல் ஆசிரியர் ஒப்புக்கொண்டதால் இந்தக் கட்டுரை திரும்பப் பெறப்படுகிறது என்று ஒரே வாக்கியம். அதில் ஒரு சொல்கூடப் பொய் கிடையாது. கொட்டிய கை யாருடையது என்று மட்டும் அதில் எழுதவில்லை.